பதினெட்டுப் பந்து

தொப்பம்பட்டி டீம் தம்பிகளுக்கு,

ஸ்கோர் நோட்டு எழுதுகிற அண்ணன் எழுதுகிறேன். போன ஞாயிறு டீக்கடையில் நீங்கள் பேசிய அத்தனையும் என் காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பதினாறு வருடமாக நோட்டு எழுதுகிறவனுக்குக் கூட்டலும் ஒட்டுக்கேட்பதும் ஒன்றாகவே வரும்.

“அவனுக்கு செட் ஆகலண்ணா, இந்த வாட்டி விட்டுரலாம்” என்றார் உங்களில் ஒருத்தர். “பாவம்டா, எத்தன வருசமா கூடவே வர்றான்” என்றார் இன்னொருத்தர். அப்புறம் வடை வந்தது, பேச்சு மாறியது. கோடை டோர்னமென்டுக்குப் பேர் கொடுக்க ஐந்து வாரம் இருக்கிறது. பதினைந்து பேர் எழுதலாம். பதினான்கு எழுதியாகிவிட்டது. அந்தப் பதினைந்தாவது இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

யாரென்று பேர் போட்டு எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், அதுதான் சங்கடம்.

முதலில் நோட்டைத் திறக்கிறேன். போன சீசனில் நாம் ஆடியது பன்னிரண்டு ஆட்டம், எல்லாம் எட்டு ஓவர். அதில் அவன் மட்டை பிடித்தது ஐந்து தடவை. நான்கு பந்தில் மூன்று ரன், ரன் அவுட். இரண்டு பந்தில் முட்டை, போல்டு. ஆறு பந்தில் ஐந்து, லாங் ஆனில் கேட்ச். ஒரு பந்து, முட்டை, மறுபடி ரன் அவுட். கடைசியாக ஐந்து பந்தில் இரண்டு, நாட் அவுட். மொத்தம் பதினெட்டுப் பந்து, பத்து ரன். அசிங்கமான கணக்குதான், மறைக்கவில்லை. ஆனால் பதினெட்டுப் பந்து என்றால் என்ன? மூன்று ஓவர். ஒரு வருடம் முழுக்க மூன்று ஓவர் ஆடவிட்டு, அதை வைத்து ஒருத்தனுக்கு ஆட்டம் வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐந்து தடவையும் அவனை இறக்கிய இடம் என்ன? எட்டாவது, ஒன்பதாவது, ஒரு தடவை ஓப்பனிங் (அன்றைக்கு ஓப்பனர் கல்யாண வீட்டிலிருந்து வரத் தாமதம்), ஏழாவது, மறுபடி ஒன்பதாவது. இரண்டு ரன் அவுட்டும் கடைசி ஓவரில், எதிர்முனையில் அடிக்கிற ஆளுக்கு ஸ்ட்ரைக் கொடுக்க ஓடியபோது வந்தவை. அந்த இரண்டிலும் ‘வா வா’ என்று கூப்பிட்டது யார் என்று நோட்டில் எழுதுகிற வழக்கம் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

உங்கள் கோபம் ரன்னைப் பற்றியது அல்ல என்பதும் தெரியும். போன ஆடியில் செமிஃபைனலில் விட்ட கேட்ச். அது லட்டு கேட்ச் என்கிறீர்கள். நம்ம பக்கம் ஆடிக்காற்றில் மேலே போன பந்து எங்கே இறங்கும் என்று அந்தப் பந்துக்கே தெரியாது. இருந்தாலும் விட்டது விட்டதுதான். நானும் அன்றைக்குப் பேனாவைக் கீழே போட்டேன். அதற்கு முந்தின ராத்திரி அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லோடு ஏற்றிவிட்டு, காலை பஸ்ஸில் வந்து நேராக கிரவுண்டில் இறங்கினான். மூட்டைக் கொக்கி பிடித்துப் பிடித்து அவன் உள்ளங்கை ஓடு மாதிரி இருக்கும். கை கொடுத்துப் பாருங்கள், தெரியும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேட்ச் விட்டவனின் கையைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்கிறேன்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு அண்ணன் முருங்கையைப் பற்றிப் பேசுவார். காய்ப்பு நின்றதும் வெட்டிவிட்டு, மறுதாம்புக்குப் பொறுமையாகக் காத்திருக்கிறோமே தம்பி என்பார். நான் பேசப்போவதில்லை. முருங்கைக்குக் கூச்சம் கிடையாது. பதினோரு பேர் ஆடும்போது ஓரமாக உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு உண்டு.

நான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், ஒரு டீமில் (எந்த டீம் என்று கேட்காதீர்கள்) மூன்று வருடம் எக்ஸ்ட்ரா பிளேயர். டாஸ் முடிந்ததும் எல்லோரும் என்னிடம் வருவார்கள். சாவி, பர்ஸ், வாட்ச். என் இரண்டு பாக்கெட்டும் புடைத்துக்கொண்டிருக்கும், நடந்தால் சலங்கை மாதிரிச் சத்தம். ‘நம்பிக்கையான பையன்’ என்பார்கள். சாவிக்கு நம்பிக்கை, மட்டைக்கு இல்லை. மூன்றாவது வருடம் ஒரு நாள் திடீரென்று ‘போ, நீ இறங்கு’ என்றார்கள். பேடைக் கட்டினேனே தவிர பாக்கெட்டைக் காலி செய்ய மறந்துவிட்டேன். முதல் பந்தில் ஒரு ரன் ஓடும்போது தொடையில் சாவிக்கொத்து குத்துகிறது. இரண்டாவது பந்தில் அவுட். பிட்ச்சிலிருந்து திரும்பும் வழியில் ஒருத்தர் ‘வண்டி சாவி எங்கடா’ என்றார். அதோடு மட்டையை விட்டுவிட்டு நோட்டை எடுத்தேன்.

இப்போது சாவியோடு போனும் சேர்ந்திருக்கிறது. அந்த மஞ்சப்பையில் பதினோரு போனை வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொடையில் குத்துகிறது.

சரி, என் கதை போதும். நீங்கள் டிவியில் பார்த்த ஆட்களுக்கு வருகிறேன்.

2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹஸ் கோப்பை ஃபைனல். வங்கதேசம் 166, இந்தியாவுக்கு வேண்டியது 167. பதினெட்டாவது ஓவர் முஸ்தாஃபிஸுர். எதிரில் நம்ம விஜய் சங்கர். இந்தியாவுக்கு அவர் முதன்முதலில் ஆடியதே அந்தத் தொடரில்தான். நான்கு பந்து வரிசையாக மட்டையில் படவில்லை. ஐந்தாவது பந்தில் லெக் பை. கடைசிப் பந்தில் மணீஷ் பாண்டே அவுட். அந்த ஓவரில் வந்தது ஒரே ஒரு ரன். நாடே சேர்ந்து ஒருத்தரைத் திட்டியது. நம்ம டீக்கடையிலும் திட்டினார்கள், நானும் ஒரு வார்த்தை சொன்னேன்.

பன்னிரண்டு பந்தில் 34 வேண்டும். அப்போது இறங்கினார் தினேஷ் கார்த்திக். 2004-ல் இந்தியாவுக்கு ஆட வந்தவர். அதே வருடக் கடைசியில் தோனி வந்துவிட்டார், அதற்கப்புறம் கார்த்திக்கின் வாழ்க்கை உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அன்றைக்கும் தன்னை முன்னாலேயே அனுப்பவில்லை என்று அவருக்கு வருத்தம். அதை கேப்டன் ரோகித்தே ஆட்டம் முடிந்து சொன்னார். ரூபெல் ஹுசைன் ஓவரில் 6, 4, 6, 0, 2, 4. கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டியிருக்க, சௌம்யா சர்க்கார் பந்தில் எக்ஸ்ட்ரா கவர் மேல் சிக்ஸ். எட்டுப் பந்தில் 29. அந்த சிக்ஸ் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. விஜய் சங்கரின் 19 பந்தில் 17-உம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஞாபகம் இருப்பது அடுத்த வருடம். 2019 மார்ச் 5, நாக்பூர், ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 11 ரன் வேண்டும். பந்து யார் கையில்? அதே விஜய் சங்கர். அதுவும் எப்படி, அன்றைக்கு அதற்கு முன் வீசிய ஒரே ஓவரில் 13 ரன் கொடுத்தவர். முதல் பந்தில் ஸ்டோய்னிஸ் எல்பிடபிள்யூ. மூன்றாவது பந்தில் ஜாம்பா போல்டு. எட்டு ரன்னில் ஜெயம். கொழும்பில் அந்த நான்கு பந்தோடு அவரை மூட்டை கட்டி அனுப்பியிருந்தால் நாக்பூரில் பந்தை யாரிடம் கொடுத்திருப்பார்கள் என்று தெரியாது. வேறொருத்தர் இன்னும் நன்றாகவே வீசியிருக்கலாம். நான் சொல்ல வருவது வேறு. கொழும்பில் தடவியவரும் நாக்பூரில் முடித்தவரும் ஒரே ஆள். நடுவில் ஆள் மாறவில்லை. அவருக்கு ஆடக் கிடைத்த ஆட்டங்கள் கூடியிருந்தன.

நடராஜனைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலம் சின்னப்பம்பட்டிக்காரர், நம்மைப் போல டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். 2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியபோது நம்ம திண்டுக்கல் டிராகன்ஸில் வீசினார். அடுத்த வருடம் ஐபிஎல்லில் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது, ஆறு ஆட்டத்தில் இரண்டு விக்கெட். அதற்கப்புறம் ஐதராபாத்தில் 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூட இல்லை. இரண்டு வருடம் பெஞ்ச். 2020-ல் இறக்கினார்கள். ஒரு ஆட்டத்தில் இறக்கிவிட்டு ‘பார்ப்போம்’ என்று இழுக்கவில்லை. பதினாறு ஆட்டத்திலும் ஆடவிட்டார்கள். பதினாறு விக்கெட், அதில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைத் தூக்கிய யார்க்கர் ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்து வீச என்று முதலில் எடுக்கப்பட்டவர் அந்த டிசம்பரில் ஒருநாள், டி20, ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று மூன்றிலும் ஆடிவிட்டுத் திரும்பினார்.

சென்னை ரசிகர்கள் நம்மில் அதிகம், அதனால் ருதுராஜையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். 2020-ல் அவர் முதல் மூன்று ஆட்டம் 0, 5, 0. அடுத்த மூன்று 65, 72, 62. அடுத்த வருடம் 635 ரன், ஆரஞ்சு தொப்பி. எல்லோரும் இதைப் பொறுமையின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு அவரையும் உட்காரத்தான் வைத்தார்கள். மறுபடி கூப்பிட்டது சென்னை அந்த சீசனில் கிட்டத்தட்ட வெளியே போன பிறகு. இழக்க ஒன்றும் இல்லாதபோதுதான் பொறுமை வந்தது.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதில்தான் நமக்கு வழி இருக்கிறது.

அந்த வழிக்கு வருவதற்கு முன்னால் இன்னொரு ஆட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒன்று, நம்ம கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அதில் பத்துக்கு மூன்று தடவை ஒழுங்காக அடித்தால் பெரிய ஆட்டக்காரன். 1941-ல் டெட் வில்லியம்ஸ் பத்துக்கு நாலுக்கு மேல் அடித்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். பெஞ்சில் இருக்கிறவனை நடு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை அடிக்கக் கூப்பிடுவார்கள். அவனுக்காக வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மரத்துப்போன காலோடு எழுந்துபோய், சூடாக வீசிக்கொண்டிருக்கிறவனை நாலைந்து பந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அங்கே ஒரு டீமுக்கு சீசனில் 162 ஆட்டம். ஒருத்தன் ஒரு மாதம் தடவினாலும் தாங்கும்.

நமக்கு? தோற்றால் வீடு. கோடை டோர்னமென்டில் முதல் ரவுண்டிலேயே நாக் அவுட். என்ட்ரி ஃபீஸ் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறோம், வேன் வாடகை தனி. அங்கே போய் ‘பார்க்கலாம், இவன் தேறுவானா’ என்று சோதனை செய்ய முடியாது. இதை நான் மறுக்கவில்லை. மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற அந்தப் பொடியன் வேறு காத்திருக்கிறான். போன மாதம் வலையில் அவன் அடித்த பந்தில் ஒன்று இன்னும் சோளக்காட்டிலிருந்து திரும்பவில்லை. பெரியவனுக்குக் காட்டுகிற ஒவ்வொரு வாரப் பொறுமைக்கும் சின்னவன் ஒரு வாரம் விலை கொடுக்கிறான். ‘பாவம், கூடவே வர்றான்’ என்கிற தம்பி இதை யோசிக்க வேண்டும். பாவம் பார்த்து லிஸ்டில் பேர் போடுவது, போனை எண்ணிக் கொடுக்க ஆள் வைப்பது மாதிரிதான். அதற்கு ‘செட் ஆகல’ என்றவரே மேல். அவராவது ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்.

ஆனால் டோர்னமென்டுக்கு முன்னால் நமக்கு நான்கு ஞாயிறு இருக்கிறது. கீரனூரோடு இரண்டு, கள்ளிமந்தையத்தோடு இரண்டு, எல்லாம் ஃப்ரெண்ட்லி. தோற்றால் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். ருதுராஜுக்குச் சென்னை தோற்ற பிறகு கொடுத்ததை நாம் முன்னாலேயே கொடுக்கலாம்.

நான்கு ஆட்டத்திலும் அவன் நாலாவது இறங்கட்டும். இரண்டு விக்கெட் விழுந்தால் அவன்தான். ‘ரன் வேகமா வேணும், நீ இரு, நான் போறேன்’ என்கிற பேச்சு இந்த நான்கு ஆட்டத்தில் வேண்டாம். பொடியன் ஒன் டவுன் போகட்டும், அவனையும் பார்த்த மாதிரி இருக்கும். ஓப்பனர் ஒருத்தர் உட்கார வேண்டிவரும். யார் என்று கேப்டன் முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் கல்யாண வீட்டுக்காரர்.

அப்புறம், அவன் அடிக்கிற ரன்னை எண்ணாதீர்கள், அதை எண்ணத்தான் நான் இருக்கிறேன். எப்படி அவுட் ஆகிறான் என்று பாருங்கள். வலையில் அவன் நேராக ஆடும்போது மட்டையில் பந்து படுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கெட்டியாக, ‘டொக்’ என்று. ஆட்டத்தில் அந்தச் சத்தமே வராது. முதல் பந்திலிருந்து லெக் சைடில் கண்ணை மூடிச் சுத்துகிறான். ஏனென்றால் வருவதே இரண்டு பந்து, அதற்குள் எதையாவது காட்டியாக வேண்டும். எட்டாவது இடத்தில் இறக்கி எட்டாவது ஆள் மாதிரி ஆடக் கற்றுக்கொடுத்தது நாம்தான். நாலாவது இடத்திலும் அதே சுத்து சுத்தினால், ஸ்லோ பாலுக்கு அதே அவசரத்தில் மட்டையை விட்டால், நான்காவது ஆட்டத்துக்கு அப்புறம் நானே லிஸ்டில் பொடியன் பேரை எழுதுகிறேன். அதற்குமேல் இழுக்கக் கூடாது. இன்னொரு வருடம் மரத்தடியில் உட்கார வைப்பது அவனுக்குச் செய்கிற நல்லது இல்லை.

அப்படி விடுவதாக இருந்தாலும் ஒழுங்காக விடுங்கள். ஜெகதீசனைப் பாருங்கள். நத்தம் என்பிஆர் காலேஜ் கிரவுண்டில் திண்டுக்கல்லுக்காக அவர் ஆடியதைப் பார்க்க நம்மில் நாலைந்து பேர் பஸ் மாறிப் போயிருக்கிறோம். 2018-லேயே சென்னை எடுத்தது. முதல் இரண்டு சீசன் ஒரு ஆட்டம் கிடையாது. அப்புறமும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். 2022 நவம்பரில் விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் வரிசையாக ஐந்து சதம், அதற்கு முன் உலகத்தில் யாரும் அடிக்காதது. ஐந்தாவது, பெங்களூரில் அருணாச்சலத்துக்கு எதிராக 141 பந்தில் 277. எதிரணி சின்ன அணிதான். இருக்கட்டும், சின்ன அணியை உலகத்தில் எத்தனையோ பேர் அடித்திருக்கிறார்கள், லிஸ்ட் ஏ ஆட்டத்தில் அதற்கு முன் 277-ஐ யாரும் தொட்டதில்லை. 2025 ஜூலையில் பண்ட் காலில் அடிபட்டபோது இங்கிலாந்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். ஓவலில் ஆடும் பதினொன்றில் பேர் இல்லை. மறுபடி பெஞ்ச். அந்த மனுசனின் தெம்பை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

விட்டதால் அவர் கெட்டுப்போகவில்லை. நம்ம ஆளும் கெட்டுப்போக மாட்டான். ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட் பையன்கள் ஒரு டீம் வைத்திருக்கிறார்கள், அங்கே போனால் ஓப்பனிங்கே ஆடலாம். ஆனால் அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன வருடம் ஒருத்தரை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கினீர்களே, அந்த மாதிரி வேண்டாம். கேப்டனுக்குச் சங்கடமாக இருந்தால் நானும் கூட வருகிறேன். டீ நான் வாங்கித் தருகிறேன்.

வருகிற ஞாயிறு கீரனூரோடு ஆட்டம், காலை எட்டு மணி. நோட்டில் புதுப் பக்கம் கோடு போட்டுவிட்டேன். நாலாவது வரியில் அவன் பேரை இப்போதே எழுதிவைத்திருக்கிறேன், பென்சிலில்தான். அழிக்க வேண்டும் என்கிறவர் சனிக்கிழமை ராத்திரிக்குள் கடைக்கு வாருங்கள், ரப்பர் என்னிடம் இருக்கிறது.

போன்களை அன்றைக்கு என்னிடம் கொடுங்கள். மஞ்சப்பையை அவனிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
ஸ்கோர் நோட்டு அண்ணன்